பெரும் பாரைப் போட்டி நடத்துவோருக்கு: தராசை விடுங்கள், அளவுகோலை எடுங்கள்

போட்டி அமைப்பாளர்களுக்கு வணக்கம்.

ஜயன்ட் ட்ரெவல்லி என்று தூண்டில்காரர்கள் சொல்லும் பெரும் பாரைக்காக நடக்கும் பல போட்டிகளில் இன்னமும் எடைக்குத்தான் பரிசு. எடை பார்க்க மீனைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அப்படி வரும் மீன் பெரும்பாலும் செத்துத்தான் வருகிறது. இந்த ஒரு விதியை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நீளத்துக்குப் பரிசு கொடுங்கள். அளந்த இடத்திலேயே மீனைக் கடலில் விடச் சொல்லுங்கள்.

இது புது யோசனை இல்லை. ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 2011 முதல் நீளச் சாதனைகளையும் பதிவு செய்கிறது. மீனை உயிரோடு விட்டால்தான் அந்தச் சாதனை செல்லும். எடையில் இந்த மீனின் உலகச் சாதனை 72.8 கிலோ; 2006-இல் ஜப்பானின் தொகாரா தீவுகளில் பிடிபட்டது. அதைத் தாண்டும் ஆசை தூண்டில் பிடிக்கும் எல்லோருக்கும் இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் எடைக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டால் அத்தனை பேரும் கூட்டத்திலேயே பெரிய மீனைத்தான் குறிவைப்பார்கள். ஹவாயில் மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல் போன்ற காதுக்கல்லை வைத்து வயது பார்த்ததில் பெரும் பாரை 25 வருடம் வரை வாழக்கூடியது என்று தெரியவந்தது. சுமார் 60 செ.மீ. வளர்ந்த பிறகே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. கழிமுகத்தில் குஞ்சாக வளர்ந்து, கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டுகளான பார்களுக்கு வந்து, சுறாவுக்கும் வலைக்கும் தப்பி இவ்வளவு பெரிதான மீன், இனி வருடாவருடம் முட்டையிட வேண்டிய மீன். அதைத்தான் ஒரு கோப்பைக்காகத் தொங்கவிடுகிறோம்.

அந்த மீனின் வேட்டையைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீஷெல்ஸின் ஃபார்குவார் பவளத்தீவில், பறக்கப் பழகும் ஆலா என்ற கடற்பறவையின் குஞ்சுகளைத் தண்ணீருக்கு மேலே எம்பிக் கவ்வுகிறது. ஹவாயின் வடமேற்குத் தீவுகளில் சீல்கள் அடித்தரையைக் கிளறும்போது கூடவே போய், வெளியே வரும் இரையைத் தட்டிப் பறிக்கிறது. இவ்வளவு சாமர்த்தியமான மீனைப் பிடிப்பதே பெருமைதான். அந்தப் பெருமைக்கு அதன் பிணம் எதற்கு?

"விட்ட மீனும் சாகத்தானே செய்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அது நம் கையில் இருக்கிறது. மெல்லிய நூலில் அரை மணி நேரம் இழுத்தடித்தால் மீன் துவண்டுவிடும். நிமிர்ந்து நீந்த முடியாமல் சாயும், சுற்றும் சுறாவுக்கு அப்படியே கிடைத்துவிடும். அதனால் கனமான நூல், வலுவான ரீல் என்று விதியிலேயே எழுதுங்கள். பாப்பர் என்ற, தண்ணீர் மேல் இழுக்கும் போலி இரையில் மூன்று முள் கொக்கிக்குப் பதில் ஒற்றைக் கொக்கி, அதிலும் கொக்கி நழுவாமல் பிடிக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கியது. படகோரம் வந்ததும் கையுறை போட்டு வாலடியைப் பிடிக்க வேண்டும்; அங்கே இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும் கூரான தகடுகள் வெறும் கையைக் கிழித்துவிடும். இன்னொரு கை வயிற்றுக்கு அடியில். தாடையில் மாட்டிச் செங்குத்தாகத் தூக்கினால், தண்ணீர் தாங்கியிருந்த அத்தனை கனமும் தாடையிலும் உள்ளுறுப்புகளிலும் இறங்கும். செவுளின் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும். அதனால் கொக்கியைத் தண்ணீரிலேயே கழற்றி, நனைத்த அளவுப் பாயில் ஒரு படம் எடுத்து உடனே இறக்கிவிட வேண்டும். அப்புறம் அது தானாக வாலை வெட்டிக் கையை உதறும்வரை முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருக்க வேண்டும்.

ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. போட்டியன்று காலையில்தான் கொடுக்கும் அடையாள அட்டை படத்தில் மீனோடு தெரிய வேண்டும், வாய் நுனியும் வால் பிளவும் தெரிய வேண்டும் என்று சொன்னால் போதும். சாப்பிடுவதற்காகப் பிடிப்பவர்களைப் பற்றி நான் பேசவில்லை. அது வேறு கணக்கு. ஆனாலும் ஒன்று. சிகுவேட்டரா நச்சு உள்ள கடல்களில், சின்ன மீன்களைத் தின்று வளர்ந்த பெரிய பாரையின் உடம்பில் அது சேர்ந்திருக்கலாம். சமைத்தாலும் போகாது. பரிசு மீன் பந்திக்கு ஆகும் என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

தேதி விஷயத்தையும் கவனியுங்கள். ஹவாயில் கோடை மாதங்களில் பௌர்ணமியை ஒட்டி இவை முட்டையிடக் கூடுகின்றன. தெற்கு மொசாம்பிக்கில் நூற்றுக்கணக்கில் ஒரே இடத்தில் திரள்கின்றன. அந்த நாட்களில் அங்கே தூண்டில் போடுவது சுலபம், அதனாலேயே போடக் கூடாது. ஒவ்வொரு கடலிலும் எந்த நிலாவில், எந்தப் பாரில் கூட்டம் சேரும் என்பது அங்கே தொழில் செய்யும் மீனவர்களுக்குத் தெரியும். தேதி குறிக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

ஒரேயடியாக மாற்றுவது கஷ்டம் என்றால், அடுத்த போட்டியில் எடைப் பிரிவுக்குப் பக்கத்திலேயே நீளப் பிரிவையும் வையுங்கள், பெரிய பரிசை நீளத்துக்குக் கொடுங்கள். சரி என்று அறிவித்தால், அளவு பார்க்கும் படகில் நடுவர் வேலைக்கு நான் வரத் தயார்.

இப்படிக்கு,
பாரைக்குத் தூண்டில் போடும் ஒருவர்