என் கைக்கு வேலை இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த ஒரு வசனம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. "வீட்டோடு இருக்கும் பெண்களின் கைக்குப் போதிய வேலை இல்லாததால்தான் விரல்கள் இறுகுகின்றன. தினமும் றப்பர் பந்தை அழுத்துங்கள்."

நானும் வீட்டோடு இருப்பவள்தான். வெள்ளவத்தையில் விடிய நாலு மணிக்கு எழும்பி மாக் குழைத்தால், ஏழு மணிக்குள் முந்நூறு இடியப்பம் இரண்டு கடைகளுக்குப் போக வேண்டும். 19 வருடமாக இதுதான் பிழைப்பு. தேங்காய் திருவுவதும் சம்பல் இடிப்பதும் வேறு. இந்தக் கையை வேலையில்லாத கை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

போன வருடமும் இதே பந்து யோசனையைப் போட்டீர்கள். நம்பி, புறக்கோட்டையில் ஒரு பந்து வாங்கினேன். அப்போது என் வலக்கை மோதிரவிரல் காலையில் மடிந்தபடியே நிற்கும். மற்றக் கையால் பிடித்து நிமிர்த்தினால் 'டக்' என்று விடும். பந்தை அழுத்த அழுத்த நடுவிரலும் மாட்டத் தொடங்கியது. கிளினிக்கில் டொக்டர் உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். விரலை மடக்கும் தசைநாண் ஒரு உறைக்குள்ளால் போய் வருகிறதாம். அந்த உறை தடித்து ஒடுங்கினால் நாண் சிக்கிக்கொள்ளும். இறுக்கிப் பிடிக்கும் வேலையைக் குறைக்க வேண்டிய நேரத்தில் நான் காசு கொடுத்துப் பந்து வாங்கி இறுக்கியிருக்கிறேன். சீனி வருத்தக்காரருக்கு இது கூடுதலாக வரும் என்று இரத்தமும் பார்க்கச் சொன்னார். எனக்குச் சீனி இருப்பது அப்படித்தான் தெரிய வந்தது. உறைக்குள் ஒரு ஊசி, சில கிழமை ஓய்வு. இப்போது பரவாயில்லை.

விரல் நோவெல்லாம் ஒரே வருத்தம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததா? கீழ்வீட்டுப் பிள்ளை வயிற்றில் குழந்தையோடு இருந்தபோது, இரவில் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்து, எழும்பிக் கையை உதறுவாள். சின்னவிரலுக்கு ஒன்றுமில்லை. அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது. இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி கட்டினாள், பிள்ளை பிறந்தபின் விட்டது. என் மாமியாருக்கு விரல் நுனி மூட்டுகளில் கடலை போல முண்டுகள், அது தேய்மானம்.

என் அக்காவுக்கு வந்ததுதான் கொடுமை. 2006இல் சிக்குன்குன்யா பரவிய நேரம் அவருடைய இரண்டு கை மூட்டுகளும் வீங்கின. காய்ச்சலின் மிச்சம் என்றார்கள். அவருக்குக் காய்ச்சலே வரவில்லை. காலையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் கை மடங்காது. வயது, வாதம், எண்ணெய் பூசு என்று இரண்டு வருடம் போனது. முடக்குவாதம் என்று கண்டுபிடித்தபோது விரல்கள் சின்னவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. நேரத்தோடு மருந்து தொடங்கியிருந்தால் தடுத்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதோட்ரெக்சேட் தந்தார்கள். அது கிழமையில் ஒரு நாள் மட்டும் போடும் குளிசை. மருந்துப் பையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் அக்கா தினமும் போட்டு, வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. இது உங்கள் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் தமிழில் சொல்ல உங்களை விட்டால் எங்களுக்கு யார்?

விரலில் சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்றும் முன்பு எழுதினீர்கள். அதை நம்பி என் மகளை எத்தனை தடவை ஏசியிருப்பேன்! ஒரு அமெரிக்க டொக்டர் ஐம்பது வருடமாக ஒரு கையில் மட்டும் சொடக்கு எடுத்து, கடைசியில் இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று எழுதியது நீங்கள் அறியாததல்ல. மருத்துவப் பக்கத்தின் கீழேயே ஏழு நாளில் மூட்டு நோ பறக்கும் என்று எண்ணெய் விளம்பரம் வேறு. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை.

இப்போது நான் திருவலைப் பிடியில் துணி சுற்றியிருக்கிறேன். சந்தைப் பையை விரலில் தூக்காமல் முழங்கையில் மாட்டுகிறேன். ஐம்பது இடியப்பத்துக்கு ஒரு தடவை கையை ஆறவிடுகிறேன். இப்படியானவற்றை எழுதலாமே.

நான் கேட்பது ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. விரல் மாட்டுகிறவர்கள் பந்தை அழுத்த வேண்டாம். மூட்டு வீங்கி, காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நின்றால் எண்ணெயோடு இருக்காமல் கிளினிக்குப் போகவும். இவ்வளவுதான். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். வெட்டியெடுத்து இடியப்பத்தோடு கடைகளுக்குக் கொடுத்துவிடுகிறேன். அங்கே மாக் குழைக்கும் பெண்களும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழும்பு-06