பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று வந்தால் எடையைக் கேளுங்கள்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மருந்துக்கடை நடத்தும் அண்ணன்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அரசு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருப்பூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை இருமும். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் போதும், ஒரு வாரத்துக்குள் பாதி வகுப்பு படுத்துவிடும். வைரஸ் காய்ச்சல் என்று ஊரே சொல்லும் இதில் ஃப்ளூவுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில். மருத்துவரைப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அதனால்தான் இதைச் சுகாதாரத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வீடு சேரும்போது ராத்திரி எட்டு மணி. அரசு மருத்துவமனைக்குக் காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி நின்றால் அன்றைய கூலி போச்சு. தனியாரிடம் போனால் ஃபீஸ், அப்புறம் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மருந்து. உங்கள் கடை பத்து மணி வரை திறந்திருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள். சில்லறை குறைந்தால் "நாளைக்குக் குடுங்கக்கா" என்பீர்கள். ஏழைபாழைகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும்; அதைக் குறை சொல்ல வரவில்லை. காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி வந்து நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நீங்கள் என்ன கேட்கிறீர்கள், எதை எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு கடையில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தோளில் சாய்ந்திருந்த பிள்ளைக்கு ஒன்றரை, இரண்டு வயதிருக்கும். "காய்ச்சல், சளி, இருமல். நைட்டெல்லாம் தூங்கல" என்றாள் அந்தப் பெண். "என்ன வயசுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தம்பி மூன்று பாட்டில் எடுத்து வைத்தான். காய்ச்சலுக்கு ஒரு சிரப், சளிக்கு ஒரு சிரப், "கிருமிக்கு" என்று ஒரு ஆண்டிபயாட்டிக் பவுடர் பாட்டில். "மூணுலயும் அரை மூடி, மூணு வேளை" என்றான். பில்லைப் போட்டான். அடுத்த ஆளைப் பார்த்தான்.

அவன் நல்ல பையன்தான். தப்பு செய்கிறோம் என்கிற எண்ணமே அவன் முகத்தில் இல்லை. பெரியவர்களுக்குக் காய்ச்சல் மாத்திரை செட் போட்டுக் கொடுக்கிற அதே பழக்கம் குழந்தைக்கும் வந்துவிட்டது.

முதல் பாட்டிலை எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமால் நல்ல மருந்து. காய்ச்சலில் குழந்தை துவண்டு கிடந்தால் அதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அதன் அளவு எடையை வைத்துத்தான். ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று 9 கிலோ இருக்கும், இன்னொன்று 14 கிலோ இருக்கும். வயதைக் கேட்டு என்ன கணக்குப் போட முடியும்?

இதைவிடப் பெரிய ஆபத்து பாட்டிலிலேயே இருக்கிறது. உங்கள் அலமாரியில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப் இருக்கும். பக்கத்திலேயே 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ளதும் இருக்கும். கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம் என்று வையுங்கள். முதல் சிரப் என்றால் ஆறு மில்லி, இரண்டாவது என்றால் மூன்று மில்லி, டிராப்ஸ் என்றால் ஒன்றரை மில்லி. இதில் "அரை மூடி" என்பது எது? போன மாதம் சிரப் வாங்கி ஐந்து மில்லி கொடுத்துப் பழகிய அம்மா, இந்த மாதம் டிராப்ஸை வாங்கி அதே ஐந்து மில்லியைக் கொடுத்தால் குழந்தை வயிற்றுக்குள் போவது 500 மில்லிகிராம். பெரிய ஆள் போடும் ஒரு முழு மாத்திரை அது. இப்படி வேளைக்கு வேளை போனால் ஈரல் கெட்டுப்போகும்.

உங்களில் பலர் கடை வாசலில் எடை மிஷின் வைத்திருக்கிறீர்கள். அம்மாவைக் குழந்தையோடு ஒரு தடவை ஏற்றுங்கள். குழந்தையை வேறு யாராவது வாங்கிக்கொள்ள, அம்மாவை மட்டும் ஒரு தடவை ஏற்றுங்கள். வித்தியாசம்தான் குழந்தையின் எடை. அரை நிமிட வேலை. அப்புறம் எத்தனை மில்லி என்று பாட்டில் மேலேயே பேனாவால் எழுதுங்கள். மூடியில் ஊற்றச் சொல்லாதீர்கள். மில்லி கோடு போட்ட அளவுக் கோப்பையோ, ஊசி இல்லாத சிரிஞ்சோ கையில் கொடுத்து எந்தக் கோடு வரை என்று தொட்டுக் காட்டுங்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை, "பவர் கூடுன மருந்தா குடுங்கண்ணா" என்று மறுநாள் திரும்பி வருவார்கள். அங்கேதான் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். நிமெசுலைடை 12 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2011-லேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று. ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது. ஃப்ளூ வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் ரேஸ் சிண்ட்ரோம் என்று மூளையையும் ஈரலையும் தாக்கும் நோய் வரலாம். இப்யூபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் போன்றவற்றையும் நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம். நம் ஊரில் மழைக்காலம் டெங்குவின் காலமும்கூட. இரண்டாம் நாள் காய்ச்சலைப் பார்த்து இது ஃப்ளூ, இது டெங்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டெங்குவாக இருந்து இந்த மருந்துகள் உள்ளே போனால் ரத்தக்கசிவு மோசமாகும். மருந்தை மாற்றிக் கொடுப்பதற்குப் பதில், "ஃப்ளூன்னா மூணு நாலு நாள் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கும்க்கா, இருமல் போக ரெண்டு வாரம்கூட ஆகலாம், மூணு நாளுக்கு மேல போனா எதுக்கும் டாக்டர் பார்த்துடணும்" என்று முதல் நாளே சொல்லி அனுப்புங்கள். பாதிப் பதற்றம் அதிலேயே அடங்கிவிடும்.

இரண்டாவது பாட்டில், சளி இருமல் சிரப். இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போனார்கள். சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் கொடுத்த 'கோல்ட்ரிஃப்' சிரப்தான் காரணம். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டைஎதிலீன் கிளைகால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது, 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாத பொருள் அது. வேண்டாத ஒரு மருந்துக்காக அத்தனை உயிர் போயிற்று என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. விஷம் கலக்காத நல்ல சிரப்பாக இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளின் சளியை அது ஒரு நாள்கூட முன்னால் குணப்படுத்தியிருக்காது.

அதற்கப்புறம் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் அனுப்பிய அறிவுரை உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவோ விற்கவோ கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகவே வேண்டாம். அதற்கும் முன்னால், 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த சளிச் சொட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிடச் சொன்னார்கள். இன்னொன்றையும் பாருங்கள். பல சளி சிரப்புகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே மருந்து இரட்டை அளவில் போகிறது. அம்மாவுக்கு அது தெரிய வழியே இல்லை. லேபிளைப் படிக்கத் தெரிந்தவர் நீங்கள்தான்.

மூக்கடைத்து மூச்சுவிடச் சிரமப்படும் குழந்தைக்கு உப்பு நீர்ச் சொட்டு மருந்து கொடுங்கள். விலையும் குறைவு, ஆபத்தும் இல்லை. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமலுக்குக் கொஞ்சம் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கொதிக்கிற பானையை வைத்துக் குழந்தைக்கு ஆவி பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெந்நீர் கவிழ்ந்து வெந்து வந்த பிள்ளைகளுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். பச்சைக்கற்பூரமோ கற்பூரத் தைலமோ கைக்குழந்தையின் மூக்கில், நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

மூன்றாவது, அந்தப் பவுடர் பாட்டில். ஃப்ளூ வைரஸால் வருவது, ஆண்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. நீங்கள் படித்ததுதான், நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் அந்தப் பாட்டிலுக்கு என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஆறின வெந்நீர் ஊற்றிக் கலக்குவார்கள், கோடு வரை ஊற்றினார்களோ இல்லையோ. இரண்டு நாளில் காய்ச்சல் விடும். அது தானாக விட வேண்டிய நாள். மருந்துதான் கேட்டது என்று நினைத்து மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அடுத்த மாதம் பெரியவனுக்கு இருமல் வந்தால் அதே பாட்டில் வெளியே வரும். இப்படித்தான் நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வரும்போது மருந்து கேட்காமல் போகிறது. கேரளாவில் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று அரசு இறங்கி, மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாட்டிக் விற்கும் கடைகளைப் பிடித்தது. நம் ஊரில் சோதனை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

ஃப்ளூவுக்கென்றே ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. எல்லாக் குழந்தைக்கும் அது தேவையில்லை. ஆனால் இரண்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்கள், ஆஸ்துமா, இருதயக் கோளாறு உள்ளவர்கள், மூச்சு வாங்குபவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அது நன்றாக வேலை செய்வது முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். அந்த இரண்டு நாளைத்தான் உங்கள் மூன்று பாட்டில்கள் சாப்பிட்டுவிடுகின்றன. மருந்து வாங்கியாச்சு, பார்ப்போம் என்று அம்மா வீட்டில் இருந்துவிடுகிறாள். வார்டுக்கு வரும்போது பிள்ளைக்கு நெஞ்சு இழுத்துக்கொண்டிருக்கும்.

அதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றே நீங்கள் பார்த்துவிடலாம். சட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுகிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகுகிறதா என்று பாருங்கள். அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மருந்து கொடுத்து அனுப்பாதீர்கள். பால் குடிக்கவில்லை, எட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, வலிப்பு வந்தது என்றால் நீங்களே 108-ஐக் கூப்பிடுங்கள். வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் ஊற்றவோ கையில் சாவி கொடுக்கவோ வேண்டாம். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வேறு கேள்வியே இல்லை, நேரே மருத்துவமனை. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் இருமலும் கூடினாலும் அப்படித்தான்.

மற்றபடி வீட்டில் பார்க்க வேண்டியது பெரும்பாலான அம்மாக்களுக்குத் தெரியும். தாய்ப்பாலை நிறுத்தாமல், கஞ்சி, இளநீர், மோர், ரசம் சாதம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கம்பளியில் சுற்றாமல் காற்றோட்டமாக வைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். "காலைல ஒரு டோஸ் குடுத்து ஸ்கூலுக்கு அனுப்பிடறேன்" என்று சிரப் வாங்குபவர்களிடம், மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்தால்தான் அனுப்பலாம் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கிப் பிள்ளை பெஞ்சில் சுருண்டு படுப்பதற்குள் பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேருக்குக் காய்ச்சலைக் கொடுத்திருப்பான்.

ஃப்ளூ தடுப்பூசி பற்றிக் கேட்டால் பயமுறுத்தாமல் சொல்லுங்கள். ஆறு மாதத்திலிருந்து போடலாம், வருடா வருடம் போட வேண்டும். அரசின் இலவசக் குழந்தைத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை, வெளியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. எல்லோராலும் முடியாது, அது எனக்கு வருத்தம்தான். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வீட்டிலாவது இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்தால் மூன்று பாட்டில் விற்கும் இடத்தில் ஒரு பாட்டில்தான் விற்கும், கடை வாடகை யார் கொடுப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. டிஜிட்டல் தெர்மாமீட்டர், சிரிஞ்சு, உப்பு நீர்ச் சொட்டு, ஓ.ஆர்.எஸ். இவையும் விற்பனைதான். அதில் இரண்டு சிரப்பின் லாபம் வராது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். எடைக்கு எத்தனை மில்லி என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனித்தனியாக எழுதிய ஓர் அட்டை, உங்கள் பகுதிக் குழந்தை மருத்துவரிடம் சரிபார்த்து, கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். மருந்தாளுநர் சாப்பிடப் போயிருக்கும்போது கவுண்டரில் நிற்கும் பையனுக்கும் அது புரிய வேண்டும். மூச்சு எண்ணிப் பார்க்கவும் நெஞ்சு இழுப்பதைக் கண்டுபிடிக்கவும் உங்கள் கடைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எங்கள் பகுதியில் எந்தக் கடை கூப்பிட்டாலும் நான் வருகிறேன். கடை அடைத்த பிறகு ராத்திரி பத்து மணிக்கு என்றாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் வார்டு செவிலியர்,
திருப்பூர் மாவட்டம்