ரயில் ஓடியது மெட்ராஸ் நேரத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில், 1906-க்கு முன் இந்தியாவில் பம்பாய் நேரம், கல்கத்தா நேரம் என்று இரண்டு நேரங்கள் புழங்கியதாக ஒரு துணுக்கு வந்திருந்தது. இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நாளில் நாட்டில் பெரும்பாலான ரயில்கள் ஓடியது இந்த இரண்டிலும் இல்லை, மெட்ராஸ் நேரத்தில். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பம்பாய்க் கடிகாரம் கிரீன்விச்சைவிட 4 மணி 51 நிமிடம் முந்தி ஓடியது. கல்கத்தாக் கடிகாரம் 5 மணி 53 நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிர் வண்டிகளை விடுகிறவர்கள் ஊருக்கொரு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? மெட்ராஸ் நேரம் 5 மணி 21 நிமிடம், ஏறக்குறைய நட்டநடுவில் இருந்தது. அதோடு நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே கட்டிய வானாய்வுக்கூடமும் கைவசம் இருந்தது. நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டை, அதாவது தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் கற்பனைக் கோட்டை, கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்து அங்கே கடிகாரத்தைச் சரிசெய்வார்கள். அந்த நேரம் தந்திக் கம்பி வழியே ஸ்டேஷன்களுக்குப் போகும். நான் வேலை பார்த்த காலத்திலும் மாலை 4 மணிக்கு நேர சிக்னல் வரும். கடிகாரத்தைத் திருத்தி டைரியில் எழுதிவைப்போம்.

பம்பாய்க்காரர்கள் இதை லேசில் விடவில்லை. 1881-ல் அங்கே ஆளுநராக இருந்த ஜேம்ஸ் ஃபெர்குசன், அரசு அலுவலகங்கள் எல்லாம் மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். அரை மணி நேர வித்தியாசம்தான், ஆனாலும் ஊரே எதிர்த்தது. 1883-ல் உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1906 ஜனவரி 1-ல் இன்றைய இந்திய நேரம் வந்தபோது மெட்ராஸ் தன் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னே நகர்த்திவைத்துவிட்டு வேலையைப் பார்த்தது. பம்பாயிலோ மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பம்பாய் நேரம் அதற்குப் பிறகும் பல வருஷம் உயிரோடு இருந்தது. யாருக்கு ரோஷம் அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை!

வானாய்வுக்கூடத்தைப் பற்றி இன்னொன்று. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம், வியாழனின் துணைக்கோள்கள் கிரகணமாவதைப் பார்த்துப் பார்த்தே மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டவர். அப்புறம் 1820, 21-ல் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் தினமும் சுடும் பீரங்கிகளை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தார். வெளிச்சம் தெரிந்ததும் எண்ணத் தொடங்கி, சத்தம் வந்து சேர எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது. காற்றும் வெப்பமும் மாறும்போது ஒலியின் வேகமும் மாறுவதை அதில் கண்டார். காசு செலவில்லாத சோதனை. குண்டு எப்படியும் தினமும் சுடத்தானே போகிறார்கள்.

துணுக்குப் பகுதிக்கு நான் எதிரி இல்லை. பேரப்பிள்ளைகள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஆனால் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று கேட்டுவிட்டு, ஏன், எப்படி என்பதை விட்டுவிடுகிறீர்கள். ஒரு தீர்க்கரேகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கு தெரிந்தால் பள்ளிப் பிள்ளையே மீதியைப் போட்டுவிடும். இந்திய நேரத்தின் கோடு 82.5 பாகையில் அலகாபாத் பக்கம் போகிறது. எங்கள் விழுப்புரம் ஏறக்குறைய 79.5. அப்படியானால் சூரியன் இங்கே உச்சிக்கு வருவது, சராசரியாக, பகல் 12 மணி 12 நிமிடத்துக்கு. மாதத்துக்கு மாதம் கால் மணி நேரம் வரை முன்பின் ஆகும், அது தனிக் கதை.

அந்த வானாய்வுக்கூடத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், 1792-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. கல்வெட்டில் தமிழும் உண்டு. திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், ஒரு புகைப்படக்காரரை அனுப்பி அதன் படத்தோடு போடுங்கள். எழுத்துகள் படிக்கத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
விழுப்புரம்