கையெழுத்துக்கு முன் கணக்கு

மெல்பர்ன்

அன்புத் தம்பிக்கு,

நான் இங்கு நலம். அம்மா, அப்பா, பாலக்கோட்டில் அத்தை வீட்டார் அனைவரின் நலமறிய ஆவல். ஓசூர் சிப்காட்டில் நீ வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஒரு பிரிவை மூடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது என்றும், தாமாகவே விலகுவதாக எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு தொகை தருவதாக நிர்வாகம் சொல்கிறது என்றும் அம்மா தொலைபேசியில் கூறினார். அந்தக் கடிதத்தில் நீ கையெழுத்திடுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அண்மையில் எனக்கும் வேலை போயிற்று. நான் இருந்த கிடங்கில் பொருள் பிரிக்கும் பணியை இயந்திரங்களுக்கு மாற்றிவிட்டார்கள். ஆள் மீது குறையில்லாமல் வேலையே இல்லாமல் போகும்போது தர வேண்டிய தொகையை இந்நாட்டில் 2009-ஆம் ஆண்டின் ‘ஃபேர் வொர்க்’ சட்டம் வாரக் கணக்கில் வகுத்திருக்கிறது. ஓராண்டு முடித்தவருக்கு 4 வாரச் சம்பளம். அது படிப்படியாக ஏறி, ஒன்பது ஆண்டு முடித்தவருக்கு 16 வாரம் ஆகிறது. பத்தாண்டைத் தாண்டினால் 12 வாரமாகக் குறைந்துவிடும். நீண்ட காலப் பணிக்கென்று தனி விடுப்பு உரிமை இருப்பதால் அப்படி வைத்தார்களாம், எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. ஆறு ஆண்டு முடித்திருந்த எனக்கு 11 வாரச் சம்பளமும், முன்னறிவிப்புக்காக 4 வாரச் சம்பளமும், எடுக்காத விடுப்புக்கான பணமும் வந்தன. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் பணம் நிற்காது என்று அப்பாவிடம் சொல்.

எல்லோருக்கும் இது கிடைப்பதில்லை. பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு நிறுவனங்கள் பொதுவாக இதைத் தர வேண்டியதில்லை. நிரந்தரமின்றி மணிக்கணக்கில் வேலை செய்பவர்களுக்கும் இல்லை. நிறுவனமே திவாலானால் அரசு முன்வந்து கொடுக்கும் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் தற்காலிக விசாவில் வந்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எட்டாது என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். நம் நாட்டில் ஆட்குறைப்பு செய்தால் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ தருவதோடு, பணி செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளத்தை இழப்பீடாகத் தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்தது. புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அந்த அளவை மாற்றவில்லை. எட்டு ஆண்டு முடித்த உனக்கு அது 120 நாள் சம்பளம். ஆனால் நீயாக விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பே ஆகாது. அந்த இழப்பீட்டை உரிமையாகக் கேட்க முடியாது, அவர்கள் தருவதாகச் சொல்லும் தொகை மட்டுமே மிஞ்சும்.

பணிக்கொடை, அதாவது செய்த பணிக்காக வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டி, வேறு. ஐந்து ஆண்டு முடித்த உனக்கு நீ விலகினாலும் அவர்கள் விலக்கினாலும் அது கிடைத்தே தீர வேண்டும். கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 15,000 வரும். எட்டு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அவர்கள் சொல்லும் தொகைக்குள் இந்தப் பணிக்கொடையும் அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேள். உனக்கு எப்படியும் சேர வேண்டியதையே சலுகை போலக் காட்டிக் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் நடக்கிறது. வருங்கால வைப்பு நிதியையும் அதில் சேர்த்துச் சொன்னால் ஏற்காதே. அது உன் கணக்கில் ஏற்கெனவே இருக்கும் பணம்.

பணி நியமன ஆணை, சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றை வீட்டில் எடுத்து வை. ஓராண்டுப் பணியாகக் கணக்கில் சேர, அந்த ஓராண்டில் 240 நாள் வேலை செய்ததைக் காட்ட அவை வேண்டும். உன் பிரிவில் உனக்குப் பின் சேர்ந்தவர்கள் யார் யார் என்பதையும் குறித்துக்கொள், ஏனெனில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதே பொது விதி. தொழிற்சங்கத்தாரிடமும் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் கேட்டுவிட்டு, நிர்வாகம் தரும் கடிதத்தின் படத்தை எனக்கு அனுப்பு. இருவரும் சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்