அழித்த கோப்பு திரும்பி வர வேண்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் ஓடும் கணினிகளில் இடிசி (/etc) அடைவிலுள்ள ஓர் அமைப்புக் கோப்பை, அதாவது மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்லும் கோப்பை, அழித்துவிட்டு, அந்த மென்பொருளை ரீஇன்ஸ்டால் செய்தாலும் கோப்பு திரும்பாது. பலர் இதைப் பிழை என்கிறார்கள்; இது பிழை அல்ல. தினமும் தானாக ஓடும் வேலைகளை வைக்கும் கிரான்.டெய்லி (cron.daily) அடைவில் ஒரு கோப்பை நிர்வாகி நீக்கினால், அந்த வேலை தினமும் ஓட வேண்டாம் என்று பொருள். அடுத்த அப்டேட்டில் அது தானாக முளைத்தால் யார் பொறுப்பு? ரெட்ஹாட் போன்ற பிற லினக்ஸ்களில் மென்பொருளை நிறுவும் கருவியான ஆர்பிஎம் (rpm) பொதுவாக அப்படித்தான் திரும்ப வைத்துவிடுகிறது. டெபியன், உபுண்டுவில் அந்த வேலையைச் செய்யும் டிபிகேஜி (dpkg) திரும்ப வைக்காமல் விடுவதே சரி.

குறை வேறிடத்தில். புதிய பதிப்பில் அக்கோப்பு மாறியிருந்தால்தான் டிபிகேஜி கேட்கும். மாறாவிட்டால் மூச்சு விடாது. கைதவறி அழித்தவருக்கு சர்வீஸ் ஏன் எழவில்லை என்றே புரியாது. 'இக்கோப்பு இல்லை, திரும்ப வைக்கவில்லை' என ஒரு வரி காட்டலாமே.

இப்போதைக்கு, 'டிபிகேஜி --வெரிஃபை' (dpkg --verify) என்ற கட்டளை காணாமற்போனவற்றைக் காட்டும். ரீஇன்ஸ்டாலின்போது டிபிகேஜிக்கு '--ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ்' (--force-confmiss) என்ற விருப்பத்தைக் கொடுத்தால் கோப்பு வரும்; அதே பேக்கேஜில் (மென்பொருள் தொகுப்பில்) வேண்டுமென்றே அழித்தவையும் கூடவே வந்துவிடும், கவனம். சில பேக்கேஜ்கள் அமைப்புக் கோப்புகளுக்குப் பயன்படுத்தும் யூசிஎஃப் (ucf) என்ற தனிக் கருவி கையாளும் கோப்புகளுக்கு இது பலிக்காது. அதற்குத் தனிச் சூழல் மாறி (environment variable) உண்டு. பர்ஜ் செய்து, அதாவது மென்பொருளை அமைப்புக் கோப்புகளோடு முழுதாக நீக்கி, மறுபடி நிறுவினாலும் கோப்பு கிடைக்கும்தான், ஆனால் மற்ற கோப்புகளில் செய்த திருத்தமெல்லாம் போய்விடும்.

– சர்வர் பராமரிப்பாளர், கோவை