இரண்டு நாளில் தோல் வளராது, ஐயா!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மலரில் ‘தீக்காயமா? இரண்டே நாளில் ஆய்வகத்தில் புதுத் தோல்!’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். தாங்கள் அறியாதது இருக்காது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

காயம்படாத இடத்திலிருந்து தபால்தலை அளவு தோலை வெட்டி, டிஸ்பேஸ் நொதியில் இரவு முழுக்கக் குளிரில் ஊறவைத்தால் மேல்தோல் தனியே பிரிந்து வரும். அடுத்தது, செல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் டிரிப்சின் என்ற நொதி. அதில் நேரம் கூடினால் செல்கள் செத்துப்போகும். மிஞ்சியவை 37 டிகிரி செல்சியசில், 5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றில், வளர்ப்புத் தட்டில் பெருக வேண்டும். தட்டு நிரம்பும்வரை சும்மா விட்டால் முதிர்ந்து, பெருகுவதையே நிறுத்திவிடும். கதிர்வீச்சால் பெருக்கம் நிறுத்தப்பட்ட எலிச் செல்களை அடியில் பரப்பி வளர்க்கும் வழியை ரைன்வால்ட், கிரீன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சொன்னது 1975-இல். அதற்குப் பின்னும் பெரிய காயத்தை மூடும் அளவுக்கு வளர மூன்று வாரம்போல ஆகிறது. உங்கள் இரண்டு நாளில் செல்கள் தட்டில் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்.

வளர்ந்த படலமோ சில செல் தடிமன். கீழ்த்தோல் போன காயத்தில் சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் அடியிலுள்ள பிணைப்பு இழைகள் முதிர மாதக்கணக்காகும். அதுவரை உரசினாலே கொப்புளித்து உரியும். கிருமி புகுந்தால் மொத்தமும் போச்சு. இதற்காகத்தான் நம் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் நோயாளியின் சொந்த இரத்தத்து ஃபைப்ரினில், அதாவது இரத்தத்தை உறையவைக்கும் புரத இழையில், மேல்தோல் கீழ்த்தோல் என இரண்டு அடுக்காக வளர்க்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ராசிபலனுக்கு மட்டும் இரண்டு பக்கம்! வளர்த்த தோலில் வியர்வைச் சுரப்பி கிடையாது என்பதையாவது சொல்லியிருக்கலாம். வெயிலில் செம்பனைக்குலை வெட்டுகிறவருக்கு அது சின்ன விஷயமா?

ரசாயனம் தோலை அரிக்குமா என்று முயலை வதைக்காமல் இதே ஆய்வகத் தோலில் சோதிக்கிறார்கள். தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களுக்கு வேண்டிய செய்தி அது. ஆனால் பராகுவாட் என்ற களைக்கொல்லி 2020-இல் தடையாகும்வரை அதன் தீங்கைப் பற்றி உங்கள் மலரில் ஒரு பெட்டிச் செய்திகூட வந்ததில்லை. வந்ததெல்லாம் தீக்காயத்துக்குப் பற்பசையும் கிச்சாப்பும் பூசும் ‘பாட்டி வைத்தியம்’!

அதே கொட்டை எழுத்தில் திருத்தம் கேட்க எனக்கென்ன தகுதி? மூலையில் நாலு வரி போதும்: மூன்று வாரம் என்பதையும், சுட்டவுடன் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு எதையும் பூசாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வுக்கூட உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.