மூளையில் ஊறும் ஈஸ்ட்ரோஜனும் வலிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதுக்கு வந்த பெண்ணுக்கு வலிப்பு வந்தால் "கர்ப்பப்பைக் கோளாறு, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்வது நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை. "பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் வலிப்பைத் தூண்டும்" என்ற அரைகுறைச் செய்தியும் அதோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். அதனால்தான் இக்கடிதம்.

ஈஸ்ட்ரோஜன் சூலகத்தில் மட்டும் சுரப்பதில்லை. மூளையிலும், குறிப்பாக நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியில், அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை எஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண்களின் மூளையிலும் இதே வேலைதான் நடக்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் அங்கேயே ஊறி, சில நிமிடங்களில் நரம்பணுக்களைக் கிளறிவிடும். கல்யாணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாடோ, வூலி இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளுக்குக் கெயினிக் அமிலம் கொடுத்து நீடித்த வலிப்பை உண்டாக்கினார்கள். வலிப்பின்போது ஹிப்போகேம்பஸில் எஸ்ட்ரடியால் ஏறியது. வலிப்பு கடுமையாக இருந்த எலிகளில் அதன் அளவும் கூடுதல். வலிப்பு தொடங்கிய பிறகு அரோமடேஸைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோதும் வலிப்பு வெகுவாக அடங்கியது. ஹிப்போகேம்பஸுக்குள் மட்டும் செலுத்தியபோதும் அப்படியே. வலிப்பு ஈஸ்ட்ரோஜனை ஊறவைக்கிறது, அது எரிகிற தீயில் எண்ணெயாகிறது.

ஆனால் இது எலியில் கண்டது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் 2.5 மில்லிகிராம் லெட்ரோசோலும் அரோமடேஸ் தடுப்பான்தான் என்று கேள்விப்பட்டு, யாரும் அதை வாங்கி விழுங்கக் கூடாது. மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் வயதுப் பெண்ணுக்கு அது சூலகத்தைத் தூண்டிவிடும். குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டை வளர அதைக் கொடுப்பதே அதனால்தான். கரு தங்கிய பின் தொடர்ந்தால் சிசுவுக்குக் கேடு. நீண்ட நாள் எடுத்தால் எலும்பும் தேயும்.

உண்மையில் கிளினிக்கில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபினோபார்பிட்டோன் ஆகிய மூன்று வலிப்பு மருந்துகளும் கல்லீரலைத் துரிதப்படுத்தி, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனைச் சீக்கிரம் சிதைத்துவிடும். கையில் வைக்கும் கருத்தடை இம்பிளாண்டுக்கும் அதே கதி. எதிர்பாராத கர்ப்பம் இப்படித்தான் வருகிறது. மூன்று மாதக் கருத்தடை ஊசிக்கும் காப்பர் டி-க்கும் இந்தத் தொல்லை இல்லை. லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுபவருக்கு நிலைமை தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இரத்தத்தில் லாமோட்ரிஜினை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துவிடும், வலிப்பு திரும்பலாம். மாதந்தோறும் கருத்தடை மாத்திரையை நிறுத்தி வைக்கும் ஏழு நாளில் லாமோட்ரிஜின் மீண்டும் ஏறி, தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் வரலாம். கருத்தடையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார்.

வலிப்பு மாதவிலக்கை ஒட்டி வருகிறதா என்று பார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரத்தம் கண்ட நாளை 1 என்று எழுதி, வலிப்பு வந்த நாட்களை மூன்று மாதமாவது குறியுங்கள். விலக்குக்கு மூன்று நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை குவிந்தால், அது அப்போது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிவதால் இருக்கலாம். சுழற்சியின் நடுவில் குவிந்தால், கருமுட்டை வெளிவருமுன் ஏறும் ஈஸ்ட்ரோஜனால் இருக்கலாம். அந்த நோட்டைக் கையோடு கொண்டு போங்கள். சிலருக்கு அந்தச் சில நாட்களுக்கு மட்டும் குளோபசாம் என்ற வலிப்பு மருந்தைச் சேர்ப்பார்கள்.

புரட்டாசி விரதத்திலும் காவடி விரதத்திலும் மாத்திரையை விடாதீர்கள், ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கலாம். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடாமல் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்சுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. நேரம் போகப் போக வலிப்பை நிறுத்தும் ஊசிக்கும் மூளை சரியாக இணங்காது.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்